ஆனியில் காலி செய்த வீடு

அக்கா போய்ப் பதினாறு நாளாகிறது. கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான் என்பதால், நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்றார்கள். எழுத உட்கார்ந்தால் அழுகை வரவில்லை, எதுவுமே வரவில்லை. தெரிந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரி ஊரில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தடுத்து இறந்தபின், பதினோரு வயதான என்னைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தார். டெலிபோன் ஆபீசில் வேலை. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம், "இவன் ஒரு வேலைக்குப் போகட்டும்" என்று தட்டிக்கழித்தார். நான் வேலைக்குப் போனபோது பேச்சு வருவதே நின்றுபோயிருந்தது.

ஊரில் இருந்த புன்செய்க் காட்டை விற்ற பணத்தில் ஆரப்பாளையத்தில் இடம் வாங்கி, தெருவைப் பார்த்து எங்களுக்கு ஒரு வீடும், பின்னால் ஒத்திக்கு விட ஒரு வீடும் கட்டினார். ஒத்திக்கு வருபவர் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பார்; வாடகையும் இல்லை, வட்டியும் இல்லை. மூன்று வருடக் கெடு முடிந்தால் தொகையைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார். அந்தப் பணத்தில் அக்கா இன்னொரு வீடு கட்டினார். அதற்கு ஒரு பாய் குடும்பம் ஒத்திக்கு வந்தது. பாய் கொடுத்ததை மட்டும் அக்கா தொடவில்லை. யார் கெடு முடிந்து கேட்டாலும் அன்றைக்கே எடுத்துக் கொடுக்க, ஒரு ஒத்தித் தொகை எப்போதும் போஸ்டாபீசில் கிடக்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம்.

நான்தான் கெடுத்தேன். கையில் முதல் சம்பளம் வந்ததும் எனக்குப் புத்தி கூடிவிட்டது.

"சும்மா தூங்குற பணம்தானக்கா. நம்ம வீட்டு மேல மாடி எடுத்தா மாசாமாசம் வாடகை வரும்ல?"

"அது நம்ம பணம் இல்லடா. அம்புட்டையும் செவத்துல போட்டுட்டு, பாய் வந்து கேட்டா செவத்தப் பேத்தா குடுப்ப?"

"அவரு போனா அடுத்த ஆளு ஒத்திப் பணத்தோட வந்து நிக்கப் போறான். இதுக்குப் போயி..."

இரண்டு நாள் சாப்பிடாமல் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அக்கா பணத்தை எடுத்து வந்தார். மாடிச் சுவர் எழும்பியது. சிமெண்டுக்குக் கட்டுப்பாடு இருந்த காலம்; பெர்மிட் வரவில்லை. மாதக்கணக்கில் அலைந்தும் மேலே கூரை போட முடியாமல் மொட்டையாக நின்றது.

மறு வைகாசியில் பாய் வந்தார்.

"தங்கச்சி, மகளுக்கு நிக்காஹ் முடிவாயிருச்சு. கெடு முடியவும் கோரிப்பாளையத்துக்கே போயிருறோம். பணம் மட்டும் தேதிக்குக் கெடச்சிரணும்."

"குடுத்துருறேன் பாய். நீங்க தைரியமா வேலையப் பாருங்க."

அவர் போனதும் காலண்டரைப் புரட்டினேன். கெடு முடிவது ஆடி மூன்றாம் தேதி. ஆடியில் எவன் வீடு மாறுவான்? புரோக்கர் கூட்டிவந்த மூன்று பேரும், "ஆவணி பொறக்கட்டும், வாரோம்" என்று சொல்லிப் போய்விட்டார்கள். பாய் மகளுக்கு நிக்காஹ் ஆடி நடுவில்.

அக்கா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"பாய் வீடு ஆடியிலதான் காலியாகும். நம்ம வீட்ட ஆனியிலயே காலி பண்ணலாம்ல? அத ஒத்திக்குக் குடுத்துருவோம்" என்றார்.

வெல்லமண்டிக்காரர் ஒருவர் கூடுதல் தொகை கொடுத்து ஆனிக் கடைசியில் பால் காய்ச்சிக் குடிவந்தார். நாங்கள் மொட்டையாக நின்ற மாடிச் சுவருக்கு மேல் கீற்றுப் போட்டு ஏறிக்கொண்டோம். பாய்க்குச் சொன்ன தேதியில் பணம் போனது. அந்தக் கல்யாணத்தில் அக்கா உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

ஆவணியில் பாய் இருந்த வீட்டுக்கு ஆள் வந்தது. அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து மண்டிக்காரருக்குக் கொடுத்து நம் வீட்டைத் திருப்பிவிடலாம் என்றேன். "திருப்பிட்டு? அடுத்தவரு கேட்டா எங்க போவ?" என்று அதைப் போஸ்டாபீசில் போட்டுவிட்டார். வீட்டைத் திருப்பத் தன் சம்பளத்தில் தனியாகச் சேர்த்தார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். நான் திருமங்கலம் போய்விட்டேன். மாடியில் கீற்று போய்த் தகரம் வந்தது. கோடையில் எப்படித்தான் படுத்தாரோ! மண்டிக்காரரின் கெடு ஒரு தடவை நீண்டு, மறுதடவையும் நீண்டது.

இந்தத் தையில் தொகை நிறைந்தது. "சித்திரை பொறந்ததும் கீழ போயிருவேன்டா" என்று சொல்லியிருந்தார். பங்குனியில் காய்ச்சல் கண்டது. மூன்றாம் நாள் பெரியாஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த டெலிபோன் ஆபீஸ் தோழிகளுக்கும், கோரிப்பாளையத்திலிருந்து மகன்களோடு வந்து பாடைக்குத் தோள் கொடுத்த பாய்க்கும், சொன்ன நாளுக்கு முன்பே வீட்டைக் காலி செய்து சாவியைத் தந்த மண்டிக்காரருக்கும், துக்கத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் என் நன்றி. மண்டிக்காரர் பணம் அன்றே கொடுக்கப்பட்டது. மற்ற குடித்தனக்காரர்கள் ஒத்திப் பணத்தை நினைத்துக் கலங்க வேண்டாம். யார் கெடு முடிந்து கேட்டாலும் கொடுக்க, அக்கா வைத்தபடி ஒரு தொகை போஸ்டாபீசில் அப்படியே இருக்கிறது.

நேற்று சாமான்களை இறக்கலாம் என்று மாடிக்குப் போனேன். எனக்கு வேலையே இல்லை. கீழே போவதற்காக அக்கா எல்லாவற்றையும் ஏற்கனவே கட்டி வைத்திருந்தார். மொத்தம் இரண்டு சாக்கு.