விசிலும் இடது கண்ணும்

"கண்ணை மூடுங்க."

மூடினார்.

"ரெண்டையும்."

"ரெண்டையும்தான் மூடியிருக்கேன்."

"அப்ப என் கையில என்ன இருக்கு?"

"கண்ணாடி" என்றார்.

பிசியோதெரபி செய்யும் பெண் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து வந்த இரண்டு ஒயர்களில் ஒன்று அவர் பிடரியில் ஒட்டியிருந்தது. மற்றது பேனா மாதிரி ஒரு முனையில் முடிந்தது. அதை அவள் இடது வாயோரத்தில் வைத்ததும் உதடு துள்ளியது.

"நான் அசைக்கல மேடம்."

"நான்தான் அசைச்சேன்."

"ஊசி கீசி உண்டா?"

"கிடையாது. தோலுக்கு மேலேயே லேசான கரண்ட். நரம்பு முழிக்கிற வரைக்கும் தசை தூங்கிடாம பாத்துக்கும்."

அவர் பத்தொன்பது வருடமாக ஒரே பஸ் தடத்தில் கண்டக்டர். உள்ளே நகரச் சொல்லவும் சில்லறை கேட்கவும் ஒரே முகம் போதுமாக இருந்தது. அதனால் ஒரு நாள் காலையில் அந்த முகத்தில் பாதி வேலைநிறுத்தம் செய்தபோது வண்டியில் யாரும் கவனிக்கவில்லை. கண்டுபிடித்தவன் டிரைவர், அதுவும் பார்க்காமலே. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் கிளம்பு. அன்று ஒரு விசில் வந்தது. அடுத்தது 'புஸ்' என்று போனது. ஒரு விசில்தானே என்று டிரைவர் நின்றான். மறுபடி ஒரு விசில், ஒரு புஸ். மறுபடி நின்றான். கடைசியில் இறங்கிப் பின்னால் வந்தான்.

"என்னண்ணே, டயர்ல காத்து போகுதா?"

முகத்தைப் பார்த்தான். வண்டியை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டான். நாற்பத்திரண்டு பயணிகளும் கூடவே போக வேண்டியதாயிற்று.

பக்கவாதம் இல்லை, முக நரம்பு வீங்கியிருக்கிறது என்றார்கள். மாத்திரை கொடுத்து, பிசியோவுக்கு எழுதிக் கொடுத்தார்கள். டிப்போவில், பயணிகள் மறந்துவிட்டுப் போன சாமான்கள் இருக்கும் அறைக்கு அவரை மாற்றினார்கள். ஆறு மாதத்தில் டிப்போ டாக்டர் முன்னால் விசில் ஊதிக் காட்டினால் மறுபடி வண்டி. இல்லாவிட்டால் ஓய்வு பெறும்வரை குடைகளோடு.

"விசில் எதுக்கு? 'போலாம்'னு கத்துங்களேன்" என்றாள் மனைவி.

கத்தினார். 'ஓலாம்' என்று வந்தது. 'ப'வுக்கும் உதடு வேண்டும் என்பது அன்றுதான் இருவருக்கும் தெரிந்தது.

மூன்றாம் மாதம் வாயோரம் தானாக அசைந்தது. கண்ணும் மூடியது.

"கண்ணாடியைப் பாத்துக்கிட்டு லேசா குவிங்க, போதும். விசிலைத் தொடவே கூடாது" என்றாள் பிசியோ. "பலவந்தம் பண்ணினா நரம்பு தப்பான வழியில வளந்துடும்."

சரி என்று தலையாட்டினார். 'டிக்கெட் முன்னாடியே வாங்கிட்டேன்' என்பவர்களுக்கு ஆட்டும் அதே தலையாட்டல்.

தினமும் சாயங்காலம் டிப்போவில் நிற்கும் வண்டியின் பின்படியில் ஏறி ஊதினார். டிரைவர் தன் சீட்டில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான்.

"காத்துண்ணே."

மறுவாரம்: "காத்துதான். ஆனா கொஞ்சம் கோபமான காத்து."

"உனக்குப் புதுசா வந்த கண்டக்டர் எப்படி?"

"முதல் விசில் ஊதிட்டு யோசிக்கிறாண்ணே. நான் நிக்கவா, போகவா?"

ஆறாம் மாதம் ஒரு நாள் இரண்டும் சுத்தமாக வந்தன. டிரைவர் பழக்கத்தில் கியரைப் போட்டுப் பத்தடி ஓட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போய் ஊதினார். மனைவி திரும்பினாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எதுக்குக் கண்ணடிச்சீங்க?"

"நானா?"

"பின்ன அடுப்பா? கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை அடிச்சிருப்பீங்களா?" அவள் அடுப்பைக் குறைத்தாள். "எங்கே, இன்னொரு தடவை ஊதுங்க."

ஊதினார். இடது கண் மூடித் திறந்தது. கண்ணாடி முன்னால் ஊதினார். கண்ணாடியைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாள் பிசியோவிடமும் ஊதிக் காட்டினார். அவள் கரண்ட் பெட்டியை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"எத்தனை நாளா ஊதறீங்க?"

சொன்னார்.

"உதட்டுக்குப் போக வேண்டிய நரம்பு, போற வழியில கண்ணுலயும் நிக்குது."

"அங்க ஸ்டாப்பே கிடையாதே."

"நீங்கதானே வச்சீங்க. இனி கரண்ட் கிடையாது. உதட்டை மெதுவா குவிக்கணும், கண்ணைத் திறந்தே வைக்கணும். கண்ணாடி மட்டும்தான். மாசக்கணக்கா ஆகும்."

பரிசோதனைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

டிப்போ டாக்டருக்கு வயதாகியிருந்தது. முன்னால் ஒரு படிவம் இருந்தது. அதில் விசிலுக்கு ஒரு கட்டம் உண்டு. கண்ணடிப்பதற்குக் கட்டம் இல்லை.

"ரெண்டு விசில்" என்றார்.

கண்டக்டர் இரண்டு விசில் ஊதினார். கண் இரண்டு தடவை அடித்தது. டாக்டர் நிமிர்ந்தார். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

"என்னையா?"

"நரம்பு சார்."

"வண்டியில பொம்பளைங்க வருவாங்களே."

"வருவாங்க சார்."

"அடி விழுமே."

"விழலாம் சார். குடைகளோட இருக்கறதுக்கு அது பரவாயில்லை."

டாக்டர் பேனாவை மூடினார். மறுபடி திறந்தார். விசில் கட்டத்தில் 'தகுதி' என்று எழுதினார். கீழே, குறிப்பு என்ற இடத்தில்: 'விசில் ஊதும்போது பயணிகளைப் பார்க்கக் கூடாது.'

மறுநாள் காலை ஐந்து நாற்பதுக்கு வண்டி கிளம்பியது. எட்டு நடை போய் வந்தார்கள். ஒவ்வொரு விசிலுக்கும் கண்டக்டர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாவது நடையில் வெளியே நின்ற போக்குவரத்துக் காவலர் ஒருவர் பதிலுக்குத் தலையசைத்தார். புகார் எதுவும் வரவில்லை. நாலரைக்குக் கணக்கை ஒப்படைத்துவிட்டு, பிசியோவிடம் போய்க் கண்ணாடி முன்னால் இருபது நிமிடம் உட்கார்ந்தார். உதட்டைக் குவித்தபோது கண் கொஞ்சம் மட்டும் மூடியது.