தங்கவயலிலிருந்து வந்த அக்கா

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்த புதிதில், அடுத்த வீட்டில் ஒரு தம்பதி குடிவந்தார்கள். கணவர் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். அவர் இறங்கிய சுரங்கத்தை மூடிவிட்டதால் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பியிருந்தார்கள். அந்த அம்மாளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒடிசலான உடம்பு, முன்நெற்றியில் கொஞ்சம் நரை.

புளியறைக்குப் போகும் லாரிகள் கடக்கும்போது எங்கள் வீடுகளில் பாத்திரங்கள் அதிரும். உடனே அக்கா வாசலுக்கு ஓடிவந்து கணவரைத் தேடுவார். அவர் வேப்பமரத்தடியில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

"அண்ணாச்சி இங்கனதான இருக்காக, எதுக்குக்கா ஓடியாறீங்க?"

"அங்கன பூமிக்குள்ள பாறை வெடிச்சா வீட்டுல பாத்திரம் ஆடும்ட்டி. பொம்பளைக எல்லாரும் சுரங்க வாசலுக்கு ஓடுவோம். யாரு வீட்டு ஆளு மேல வாராகன்னு பாத்துக்கிட்டே நிப்போம். அந்தப் பழக்கம் போகமாட்டேங்கு."

பிறகு அவராகவே அந்த ஊரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். நம் பக்கத்தில் அரிக்கேன் எரிந்த காலத்திலேயே அங்கே கரண்டு விளக்காம். வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்கள், சம்பள நாள் சந்தை, தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் குன்று குன்றாக நிற்பது என்று சொல்லச் சொல்ல, அருவியில் குளித்து வந்தவர்போல அவர் முகம் தெளிந்தது.

"திரும்பக் கூப்பிட்டா போவீங்களாக்கா?"

"நாளைக்கே போயிருவேன்" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "மெல்லப் பேசுட்டி. அவுக காதுல விழுந்தா இன்னைக்கே பொட்டியக் கட்டிருவாக."

பயந்து பயந்து வாழ்ந்த ஊர்மேல் அவ்வளவு ஆசை எப்படி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.