றோசலின் அக்கா தேடிய பதினாறு பக்கங்கள்

ட்ரையர் ஒருமுறை ஓடி முடிய முப்பத்தெட்டு நிமிடம். அதற்குள் றோசலின் அக்கா இருபத்திரண்டு பக்கம் வாசித்துவிடுவார். உட்கார்ந்திருந்து வாசிக்க இடுப்பு விடாது. உடுப்பு மடிக்கும் மேசையில் புத்தகத்தை விரித்து, மூடிக்கொள்ளாமல் சோப்புப் போத்தலைப் பாரமாக வைத்துவிட்டு, நின்றபடியே வாசிப்பார். கை தன்பாட்டில் பைஜாமா மடிக்கும், கண் தன்பாட்டில் வரியில் ஓடும். பக்கம் புரட்ட மட்டும் கை ஒரு கணம் நிற்கும்.

லிட்கம்மில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறை அது. படுக்கை விரிப்பு ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறவன் நான். பதினோரு வருடமாகக் கிழமைக்கு மூன்று நாள் அக்காவைக் காண்கிறேன். அவருக்கு ஊர் மன்னார்ப் பக்கம். வயது அறுபதை எட்டப்போகிறது. கண்ணாடி மூக்கு நுனியில்தான் நிற்கும். பக்க அடையாளத்துக்குச் சோடி தொலைந்த சொக்ஸ் வைப்பார். "இதுகளுக்கும் ஒரு வேலை வேணுமெல்லோ தம்பி" என்பார். தடித்த நாவல் என்றால் கம்பளி சொக்ஸ்.

மற்றவர்கள் புத்தகத்துக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். அக்கா போடுவது ஸ்ரேசன். வேலை முடிந்து ரயிலில் வாசித்துக்கொண்டு போகும்போது, வீடு இருக்கிற வென்ற்வேத்வில்லில் இறங்க மறந்து எத்தனை ஸ்ரேசன் தாண்டிப் போனாரோ, அந்தக் கதை அவ்வளவு நல்லம். "ஒரு ஸ்ரேசன் கதை" என்றால் பரவாயில்லை. இறங்கவேண்டிய இடத்தில் ஒழுங்காக இறங்கிவிட்டால் அந்த எழுத்தாளருக்குக் கஷ்டகாலம்.

மெல்பேர்ன், டார்னெய்ட்டில் இருக்கும் பார்கவியின் புத்தகங்களில் அக்காவுக்குத் தனிக் கண். மூன்று நாவல், ஒரு சிறுகதைத் தொகுதி எழுதியவர் பார்கவி. வயது நாற்பதைத் தொடும். முதல் நாவல் பற்றி எங்கள் வாசகர் வட்டத்தில் எல்லோரும் பெரிய பெரிய சொல்லெல்லாம் சொல்லி முடித்தபிறகு, அக்கா எழுந்தார். "எல்லாரும் யன்னலாலை வெளியிலை பாத்துக்கொண்டு நிக்கினம் பிள்ளை. ஆர் சமைக்கிறது? அந்த மனுசி மூண்டு நாளா ஒண்டும் சாப்பிடேல்லை. நீர் மறந்துபோனீர்." சிறுகதைகள் பற்றி இன்னும் சுருக்கம்: "ரெண்டாவது நல்லம். மிச்சமெல்லாம் முடியேக்கை மழை பெய்யுது." இரண்டு கூட்டத்துக்கும் வந்திருந்த பார்கவி குறிப்பெடுத்தார்.

மூன்றாவது நாவலின் முதல் பக்கத்திலேயே ஒருத்தி வெங்காயம் வெட்டுகிறாள். அக்கா சலவை அறையில் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, உடுப்புக் குவியலுக்கு மேலால் என்னைப் பார்த்தார். "நான் சொன்னதைக் கேட்டிருக்கிறா" என்றார். அன்றைக்கு முழுக்க அவருடைய முகத்தைப் பார்க்கவேண்டும்.

அந்த நாவலின் பெயர் 'பத்தொன்பதாம் இலக்க வீடு'. சென்னையில் அச்சடித்துக் கப்பலில் வந்தது. வெளியீட்டு விழா எங்கள் வழக்கப்படிதான் நடந்தது. ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட, மேடைக்குப் போய்ச் சிறப்புப் பிரதி வாங்கி, படத்துக்கு நின்று, இறங்கிவந்து வடை சாப்பிட்டார்கள். எண்பது பிரதி போனது. நானும் ஒன்று வாங்கினேன். அக்கா மேடைக்குப் போகவில்லை. வாசல் மேசையில் ஒன்றை வாங்கி, மண்டபத்துத் தூணில் சாய்ந்து அங்கேயே தொடங்கிவிட்டார்.

இரண்டாம் நாள் செவன் ஹில்ஸ் ஸ்ரேசனில் நின்று எனக்குப் போன் எடுத்தார். மூன்று ஸ்ரேசன் தாண்டிவிட்டார்! நல்ல செய்திதான் என்று நினைத்தேன்.

"தம்பி, உம்மடை புத்தகத்திலை தொண்ணூற்றேழாம் பக்கம் இருக்கோ?"

என்னுடையது வானின் பின் இருக்கையில், பொலித்தீன் உறைகூடக் கழற்றாமல் கிடந்தது. கிழித்துப் பார்த்தேன். தொண்ணூற்றாறாம் பக்கம் முடிந்ததும் மறுபடி எண்பத்தொன்று வந்தது. அதே பதினாறு பக்கம் இரண்டாம் தரம். பிறகு நேரே நூற்றுப் பதின்மூன்றுக்குப் பாய்ச்சல். நடுவில் இருக்கவேண்டிய பதினாறு பக்கம் இல்லவே இல்லை.

கதையில் அந்த இடம் சும்மா இடமில்லை. சறோஜாவும் அவளுடைய மச்சாளும் ஒரே வீட்டில் ஒட்டிப்பிறந்ததுபோல இருக்கிறவர்கள். தொண்ணூற்றாறாம் பக்கத்தில் சறோஜாவின் புருசன் நேசன் மழைக்குள் காரைக் கிளப்பத் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போகிறான். நூற்றுப் பதின்மூன்றில் அவன் சுவரில் மாலை போட்ட படமாக இருக்கிறான். அதற்குப் பிறகு கடைசிவரை சறோஜா மச்சாளோடு ஒரு சொல்லுக் கதைப்பதில்லை. ஏன்? அது அந்தப் பதினாறு பக்கத்துக்குள் இருக்கிறது.

"அவள் என்ன செய்தவள் தம்பி? அந்த மச்சாள்? சறோஜா என்னண்டு கதைக்காமல் விடுவாள்?" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். பைஜாமாவை மடித்துவிட்டு, விரித்துவிட்டு, திரும்ப மடித்தார். வேறு புத்தகமும் தொடவில்லை.

வேறு யாரிடமாவது நல்ல பிரதி இருக்கும் என்று தேடத் தொடங்கினார். முதலில் நார்த்மீட்டில் இருக்கும் மகேந்திரராஜா. வாசகர் வட்டம் அவருடைய வீட்டில்தான் கூடும். விழாவில் ஆய்வுரை நிகழ்த்தியவரும் அவர்தான். 'ஓரிடத்திலும் தடங்கலில்லாத ஓட்டம்' என்று முக்கால் மணி நேரம் பேசியவர்.

"அண்ணை, அந்தப் பதினாறு பக்கத்தைப் போனிலை படமெடுத்து அனுப்புங்கோவன்."

"எந்தப் பதினாறு?"

"தொண்ணூற்றேழிலையிருந்து."

"பாத்துச் சொல்லுறன் தங்கச்சி" என்றார். சொல்லவில்லை. அக்கா இன்னும் பதின்மூன்று பேருக்கு எடுத்தார். ஆறு பேர் புத்தகத்தை எங்கே வைத்தோம் என்று தேடினார்கள். நாலு பேர் அரைவாசி வந்துவிட்டதாகச் சொன்னார்கள், ஆனால் அரைவாசியில் என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. மற்ற மூன்று பேரும் போனை எடுக்கவேயில்லை. பார்கவியின் நம்பர் மகேந்திரராஜாவிடம் மட்டும்தான் இருந்தது. கேட்டதற்கு, அடுத்த கூட்டத்துக்கு அவவே வருகிறா, அப்போது பார்க்கலாம் என்றார்.

கூட்டத்துக்கு முதல்நாள் அவரே அக்காவுக்குப் போன் எடுத்தார். நானும் பக்கத்தில் நின்றேன்.

"தங்கச்சி, என்ரை பிரதியிலையும் அந்தப் பக்கம் இல்லை. அதை நாளைக்குச் சபையிலை எடுக்கவேண்டாம். அந்தப் பிள்ளை பிளேன் பிடிச்சு வாறா. எட்டுக் கிழமையா எல்லாரும் நல்லாச் சொல்லியிருக்கிறம். மனம் உடைஞ்சு போவா."

அவர் சொன்னதில் பிழையும் இல்லை. எண்பது பேர் வாங்கி, பாராட்டி, ஒருத்தரும் வாசிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டால் எந்த எழுத்தாளர் பிறகு பேனா எடுப்பார்? அக்கா யோசித்தார். "சரி அண்ணை. பக்கம் இல்லையெண்டு நான் சொல்லமாட்டன்" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆனா எனக்கு அது தெரியாமல் ஏலாது."

ஞாயிற்றுக்கிழமை நார்த்மீட்டில் இருபது கதிரை போட்டிருந்தது. பார்கவி நடுவில் இருந்தார். ஒவ்வொருவராக அபிப்பிராயம் சொன்னார்கள். ஒருவருக்கு அட்டைப்படம் பிடித்தது. ஒருவருக்குத் தலைப்புப் பிடித்தது. முகநூலில் நீளமாக விமர்சனம் எழுதுகிற சிவமணி தொண்டையைச் செருமிக்கொண்டு, காரணம் சொல்லாத அந்த மௌனம்தான் நாவலின் உயிர் என்றார். பார்கவி புருவத்தைச் சுருக்கினார்.

அக்காவின் முறை வந்தது. மகேந்திரராஜா தரையைப் பார்த்தார்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, ஒரு கேள்விதான்" என்றார் அக்கா. "சறோஜா ஏன் பிள்ளை மச்சாளோடை கதைக்கிறேல்லை?"

பார்கவி சிரித்தார். "என்ன அன்ரி, அதைத்தானே ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறன். அந்த மழை நாள்." சுற்றிப் பார்த்தார். "மழை நாள் அத்தியாயம் ஞாபகம் இருக்குத்தானே?"

இருபது கதிரையிலும் எல்லோரும் அட்டைப்படத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். சிரிப்பு மெல்ல மெல்லப் போய், பார்கவி கையை நீட்டினார். அக்கா தன் புத்தகத்தைக் கொடுத்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், வாய் திறக்கவில்லை.

பார்கவி புரட்டினார். எண்பத்தொன்று. தொண்ணூற்றாறு. எண்பத்தொன்று. அச்சில் வந்தபிறகு தன் புத்தகத்தைத் திறந்து பார்க்க அவருக்குப் பயமாம், பிழை ஏதும் கண்ணில் பட்டுவிடும் என்று. இதைப் பிறகு சொன்னார்.

முதலில் வாயைத் திறந்தவர் சிவமணிதான். "நான் வாசிச்சனான்! கர்த்தர் சத்தியமா வாசிச்சனான்! அதே பதினாறு பக்கம் திரும்ப வர, இது ஏதோ புது உத்தி எண்டு நினைச்சன். விளங்கேல்லையெண்டு சொல்ல வெக்கமாக் கிடந்தது."

'காலம் தன்னைத்தானே மடித்துக்கொள்கிறது' என்று அவர் முகநூலில் எழுதியதற்கு நூற்றுநாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பார்கவிக்கு வரவில்லை. "ஒரு நிமிசம்" என்று எழுந்து குசினிக்குள் போய்விட்டார். பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அச்சகத்தைத் திட்டுவதற்கு மட்டும் ஆள் குறைவில்லை.

அக்கா பின்னால் போனார். தேத்தண்ணித் தட்டு என் கையில் இருந்ததால் நானும் போனேன்.

பார்கவி சிங்க்கைப் பிடித்தபடி நின்றார். "முப்பது பேர் எழுதினவை அன்ரி. எட்டுக் கிழமை. நான் ஒவ்வொண்டுக்கும் நன்றி சொல்லிப் பதில் போட்டனான். இனி ஆருக்கு நான் எழுதுறது?"

"நான் வாசிச்சனான்."

"ஓம். பதினாறு பக்கம் குறைய."

"ஓம், பதினாறு குறைய. மிச்சத்தை மூண்டு தரம். இப்ப சொல்லும், அவள் ஏன் கதைக்கிறேல்லை?"

"அன்ரி, நான் என்ன சொல்லுறன், நீங்கள் என்ன கேக்கிறியள்!"

"பிள்ளை, எட்டுக் கிழமையா எனக்கு வேலை ஓடேல்லை. ஒரு கிழவருக்கு மற்றக் கிழவரின்ரை காற்சட்டை போயிருக்கு. அழுறதெண்டால் பேந்து அழும். முதல் இதைச் சொல்லும்."

பார்கவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூக்கைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தார். அதற்குள் நாவலின் கோப்பைத் தேடிப் பிடித்து, குளிர்ப்பெட்டியில் சாய்ந்துகொண்டு, தொண்ணூற்றேழாம் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். மழை. சறோஜா குளியலறையில். அடுப்பில் சோறு. போன் அடிக்கிறது. நேசனின் நம்பர். எடுப்பவள் மச்சாள். சறோஜாவைக் கூப்பிடாமல் போனோடு வாசலுக்குப் போகிறாள்.

அக்கா ஒரு கையைத் தூக்கினார்.

"நில்லும். போனோடை அவள் வாசலுக்குப் போயிட்டாள். அப்ப சோறு?"

"அடுப்பிலை."

"ஆர் நிப்பாட்டினது?"

பார்கவி போனைப் பார்த்தார். மேலே தள்ளிப் பார்த்தார், கீழே தள்ளிப் பார்த்தார். "ஒருத்தரும் நிப்பாட்டேல்லை" என்றார். பிறகு மெதுவாக, தனக்குத்தானே சொல்வதுபோல, "சறோஜா தலையைத் துடைச்சுக்கொண்டு வரேக்கை சோறு கருகி மணக்கும். அந்த மணத்திலைதான் அவளுக்கு முதல்லை ஏதோ விளங்கும்..." என்றார். கண் இங்குமங்கும் ஓடியது. நான் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் கொடுத்தேன். கடதாசி தேடப் பொறுமையில்லாமல், வடை வைக்கிற காகிதத் தட்டின் முதுகில் எழுதினார்.

"எழுதிப்போட்டு மிச்சத்தை வாசியும்" என்றார் அக்கா.

பார்கவி வாசித்தார். அக்கா இடுப்பு வலியை மறந்து, குசினி மேசை விளிம்பில் ஏறி இருந்துவிட்டார். நான் அறிய, அவர் இருந்தபடி கதை கேட்டது அன்றைக்குத்தான்.

வாசலில் மகேந்திரராஜா தலையை நீட்டினார். "ஆக்கள் வெளிக்கிடப் போகினம், எல்லாருமா ஒரு படம் எடுத்தால்..."

அக்கா திரும்பவில்லை. கண்ணைப் பார்கவியின் வாயிலிருந்து எடுக்காமல், மேசையில் இருந்தபடியே வலது காலை நீட்டி, குசினிக் கதவை மெல்லத் தள்ளிச் சாத்தினார்.