தேடுகிறவர் பக்கம்

மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியின் பழைய திரையரங்கு ஒன்றின் முன்கூடத்தில் நிற்கிறேன். வெளியே பனிமழை. மதியக் காட்சியில் பார்த்தது ஆஸ்திரேலியாவின் பழைய மர்மப் படம். பாலைநிலத்தில் ஒரு பெண் காணாமல் போகிறாள். அடிச்சுவடு பார்த்து வழிகாட்டும் பூர்வகுடி மனிதர் ஒரு பாறைக்கு முன்னால் நின்றுவிடுகிறார். அது அவருடைய முன்னோர் உறையும் இடம். அதற்கு மேல் போவது முறையில்லை. வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் வரைபடத்தோடு தனியாகத் தேடிக்கொண்டே இருக்கிறார். விடை சொல்லாமலே படம் முடிந்துவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குடையை மடித்து உறையில் போட்டு, மறுபடி வெளியே எடுக்கிறேன்.

படத்தின்போது பக்கத்து இருக்கையில் அமர்ந்து அறிமுகமான யாழ்ப்பாணத்துக்காரர் சிவமும் பேருந்துக்குக் காத்திருக்கிறார்.

“அந்தப் பூர்வகுடிக்காரர் நின்னதுதான் சரி, இல்லீங்களா?” என்கிறேன். “இன்ஸ்பெக்டருக்கு அந்த மண்ணைப் பத்தி என்ன தெரியும்?”

“ஒண்டும் தெரியாதுதான். எண்டாலும் அந்த விசரன், பைத்தியக்காரன் மாதிரி, விடாமல் தேடினவன் எல்லோ!” என்று சிரிக்கிறார். பிறகு சிரிப்பு அடங்குகிறது. “எங்கட அண்ணை சண்டைக்குள்ள காணாமல் போனவர். அவரை ஒருத்தரும் தேடேல்லை. ஆத்மா அலையுதாம், நாளைக்குத் திவசம் செய்யச் சொல்லி அம்மா ஒற்றைக்கால்ல நிக்கிறா.”

“செய்யப் போறீங்களா?”

“செய்தா, அவர் செத்திட்டார் எண்டு நானே சொன்ன மாதிரி. பிறகு ஆர் தேடுறது?”

குடையை மறுபடி உறையில் போடுகிறேன். அவருடைய கைபேசி அடிக்கிறது.

“ஓம் அம்மா, வாறன். நாளைக்கு ஐயரை வரவேண்டாம் எண்டு சொல்லுங்கோ.”

மறுமுனையில் அந்த அம்மா அழுவது எனக்கும் கேட்கிறது. சிவம் கைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.