தயிர்க் கிருமிக்குத் தீட்டு

என் பெருங்குடல் என்னையே தின்றுகொண்டிருந்த வருஷத்தில் அப்பா செத்துப்போனார்.

குடலில் புண். காவலுக்கு வைத்த படை சொந்தச் சுவரையே இடிக்கிறது என்றார் தஞ்சாவூர் டாக்டர். மாத்திரைகளோடு, ஃப்ரிட்ஜில் வைத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சிறு பாக்கெட்டுகளும் எழுதித் தந்தார். உள்ளே உயிருள்ள பாக்டீரியா. கெட்டதுக்கு இடம் விடாமல் குடியேறும், சுவரை இறுக்கும், படையைக் கொஞ்சம் அமர்த்தும்.

"சில பேருக்குக் கேக்குதுங்க. உங்களுக்குக் கேக்குமான்னு பாப்போம். மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நம்பினேன். ரத்தம் நின்றது. வெண்ணாற்றுப் பாலத்தை பஸ் தாண்டும்போது, எங்கே இறங்கி ஓடலாம் என்று தேடாமல், தண்ணீரைப் பார்த்தேன்.

அந்த மிதப்பில் சாப்பிடும்போது வாய் விட்டேன். உரக்கடை வைத்திருக்கும் தம்பி சிரித்தான்.

"நாத்து வேர நனைக்க உயிர் உரம் குடுக்குறனே, அந்தப் பாக்கெட்டையா குடிக்கிறண்ணே? பயிர் ஏதும் வந்துச்சா?"

"என்னடா அது?" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

"தயிர்ல இருக்குற மாதிரி கிருமி அத்தை. உசுரோட இருக்கும்" என்றேன்.

அந்தச் சொல்லை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். அப்பாவைத் தூக்கிப்போன மத்தியானம், வழக்கப்படி, வீட்டிலிருந்த சமைத்தது, புளித்தது, பிடித்துவைத்த தண்ணீர் எல்லாம் கொல்லையில் கொட்டப்பட்டன. சுடுகாட்டிலிருந்து திரும்பி ஃப்ரிட்ஜைத் திறந்தேன். காலி. மாத்திரை டப்பா மட்டும் அலமாரியில் அப்படியே இருந்தது.

"மாத்திரைக்குத் தீட்டு இல்ல. இது தயிர்க் கிருமின்னு நீதானடா சொன்ன? தயிரக் கொட்டிட்டு அத மட்டும் வெச்சுக்குறதா?"

வாழைத் தூரடியில் வெள்ளைப் பொடி. நாய் நக்கிக்கொண்டிருந்தது. அதன் குடலாவது நன்றாக இருக்கட்டும்.

கொள்ளி வைத்தவன் கருமாதிவரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. திருவையாற்றுக் கடைகளில் அந்த மருந்து இல்லை. தம்பி தஞ்சாவூர் போய், பைக் ஹேண்டிலில் மாட்டி, உச்சி வெயிலில், வழியில் துக்கம் கேட்டவர்களிடமெல்லாம் நின்று பேசி, கொண்டுவந்தான். பாக்கெட் கையில் சுட்டது. கடைக்கு வரும் விவசாயிகளிடம் "வெயில்ல வெச்சுடாதீங்க, செத்துரும்" என்று கத்துபவன் இவன்.

"வெயில்லயே கொண்டாந்திருக்கியேடா."

"மனுஷன் வயித்துக்குள்ள மட்டும் என்ன, ஊட்டியாட்டமா இருக்கு? குடிண்ணே."

குடித்தேன். அவை செத்திருந்தனவா, தெரியாது. துக்கமா, தூக்கமில்லாததா, வந்தவர்களோடு விழுங்கிய காரக்குழம்பா, அதுவும் தெரியாது. ரத்தம் திரும்பிவிட்டது.

ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது எனக்கு. கருமாதியன்று, மூத்த பிள்ளையாக, அப்பாவுக்குப் பிண்டம் கரைக்கும்வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும். முந்தின நாளே சாப்பாட்டை நிறுத்தினேன். படித்துறையில் ஐயர் என் விரலில் தர்ப்பை மோதிரத்தை மாட்டினார். எள்ளை எடுக்கச் சொன்னார். உள்ளே யாரோ ஈரத்துணி பிழிந்தார்கள். பல்லைக் கடித்தேன். எதிரே காவிரி முழங்காலளவில், எங்கும் ஒரு மறைவில்லாமல், பளீரென்று ஓடியது.

நான் எழுந்திருக்கவில்லை. அது என்னைக் கேட்கவும் இல்லை. கட்டியிருந்தது வெள்ளை வேட்டி.

ஐயர் முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். "பரவால்ல, ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க."

"அவன் குளிச்சுட்டு வர்றதுக்குள்ள அடுத்தது வரும்" என்றாள் அத்தை. "சின்னவன உக்கார வைங்க சாமி."

தம்பி உட்கார்ந்தான். அவன் விரலில் புதுத் தர்ப்பை மோதிரம். சற்றுக் கீழே, துணி துவைக்கிற கல்லருகே நின்று வேட்டியைக் கசக்கினேன். மேலே அவன் கரைத்த பிண்டம் பருக்கை பருக்கையாக மிதந்து வந்து என் முழங்காலில் மோதியது. மீன்கள் மொய்த்தன.

தீட்டுக் கழிந்த வீட்டில் பந்தி. அத்தை என் இலையில் தயிரை ஊற்றினாள்.

"நல்லா ஊத்திக்க. உன் ஆளுங்க இதுலயும் இருக்காங்கள்ல."

பந்தியே சிரித்தது. எதிர் இலையில் தம்பியும் சிரித்தபடி சோற்றைப் பிசைந்தான். மோதிரத்தைக் கழற்ற மறந்திருந்தான்.