இரண்டாம் தடவையும் அதே பதில்

லண்டன் அருள்நேசனுக்கு முதலில் கற்பித்த பாடம் இது: இரண்டு தடவை கேட்டால் இரண்டு தடவையும் ஒரே பதில். அகதி விண்ணப்பத்தின் முதல் நேர்காணலில் இராணுவம் தன்னைப் பிடித்தது தை மாதம் என்றார், அடுத்ததில் மாசி. பொய்யன் என்று எழுதி மறுத்தார்கள். விசாவுக்குப் பல வருடம் இழுபட்டார். பிறகு கோலியர்ஸ் வுட்டில் வீடு, பெட்ரோல் நிலையத்தில் வேலை, குடியுரிமை, ஒரே மகன் மிதுலன்.

மன அழுத்தத்தை அளக்கும் கேள்விகளோடு வந்தாள் பல்கலைக்கழக மாணவி தாரகா. ஆங்கிலக் கேள்விகள்; கிரேக்க மொழிக்கு மாற்றிச் சோதித்துத் தேறியவை, அடுத்து தமிழில் சோதனை. ஒரே ஆளிடம் ஒரு மாத இடைவெளியில் இருமுறை கேட்பார்கள். பதில்கள் பொருந்தினால் கேள்விகளை நம்பலாம். அழுத்தப் புள்ளி எல்லை தாண்டியவருக்குத் தமிழ் பேசும் மனநல ஆலோசகரிடம் உடனே இடம்.

முதல் தடவை அருள்நேசன் எல்லாவற்றுக்கும் "ஒருநாளும் இல்லை" என்றார். உண்மைதான்.

மறுவாரம் மிதுலன் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தான். இறுதிக் கிரியை முடிந்தும் அருள்நேசன் படுக்கைக்குப் போகவில்லை. வாசல் கதவைப் பார்த்தபடி இருந்தார். வைத்தியர் மூலம் மனநல ஆலோசனைக்கு நீண்ட வரிசை. மனைவி சுசிலா தாரகாவின் இரண்டாம் தடவையைத்தான் நம்பியிருந்தாள். தாரகா கேள்வி கேட்கும் நூலக அறைக்கு அவளே அவரைக் கூட்டிவந்தாள்.

"போன மாதம் நித்திரை குழம்பினதோ, அங்கிள்?"

"ஒருநாளும் இல்லை."

"அழுகை வந்ததோ?"

"ஒருநாளும் இல்லை."

"பொய், பிள்ளை!" என்றாள் சுசிலா. "மனுசன் கண் மூடுறேல்லை. எங்கட பெடியன் செத்துப்போனான்!"

தாரகாவின் பேனா நின்றது. "சொறி ஆன்ட்டி, எனக்குத் தெரியாது. அங்கிள், பதிலை மாத்தோணுமெண்டா மாத்தலாம்."

அன்று அகதி நேர்காணல் அதிகாரியும் இதையேதான் கேட்டிருந்தார். அருள்நேசன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாத்த ஒண்டுமில்லை. முதல் சொன்னதுதான்."

"அவர் சொல்றதைத்தான் நான் போடலாம், ஆன்ட்டி. புள்ளி காணாட்டி ஆலோசகரிட்ட அனுப்பேலாது."

"பிள்ளையைப் பறிகுடுத்தது காணாதோ உங்கட புள்ளிக்கு?"

தாரகா புள்ளிகளைக் கூட்டினாள். பூச்சியம். அந்த ஆய்வில் இவ்வளவு பொருந்திய பதில்கள் வேறெவருடையதும் இல்லை. உதவித் தொலைபேசி எண் அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்தாள். முழுவதும் ஆங்கிலம்.

பஸ் நிறுத்தத்தில் அருள்நேசன் மனைவியின் கையைப் பிடித்தார். அவர் முகம் தெளிந்திருந்தது.

"ஒரு பதிலும் பிழைக்கேல்லை, சுசி. இனி எங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பமாட்டினம்."

"அனுப்ப இனி ஆர் மிச்சம்?"

பஸ் வந்தது. கையை உதறிவிட்டு அவள் ஏறினாள்.