அண்ணன் நின்று பார்த்த அஞ்சலி பேனர்

என் அண்ணனுடைய ராக் பேண்டில் கிட்டார் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் போனில் வீடியோ பார்க்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு கீபோர்டு, கல்யாண ஊர்வலத்துக்கு அடிக்கிற பெரிய ட்ரம் ஒன்று, பாடுவதற்கு அண்ணன். அவ்வளவுதான் பேண்டு. திருவிழா, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் சினிமாப் பாட்டு வாசிப்பார்கள். மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பின்பக்கம் ஜெனரேட்டர் ஓரமாக இவர்களுக்கு இலை போடுவார்கள். ரசம் இருக்கும். வடை இருக்காது.

அந்த வடை இல்லாத கோபத்தில்தான் அண்ணனுக்கு டாக்குமெண்டரி யோசனை வந்தது என்று நினைக்கிறேன். டிவியில் பெரிய ஆட்களை சோபாவில் உட்கார வைத்து, கடந்து வந்த பாதையைப் பற்றிக் கேட்பார்கள் இல்லையா? அதே மாதிரி, இவர்கள் உலகப் புகழ் பெற்ற ராக் பேண்டு என்று ஒரு பொய்யை எடுத்துக்கொண்டு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் ஒரு படம் எடுப்பது. நான் பத்தாவதோடு நின்றுவிட்டு கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் போனைப் பிடிப்பதும் நான்தான், கேள்வி கேட்கிற நிருபரும் நான்தான். பேண்டுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அதை இங்கே எழுதினால் அம்மா அடிப்பாள்.

உலக டூர் மணலூர்பேட்டையில் பஸ் ஏறுவதில் தொடங்குகிறது. ட்ரம்மை வைக்க இடமில்லாமல் நடுவழியில் வைத்தார்கள். ஒரு பெண்மணி கீரைக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு ட்ரம்மின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் கேட்கிறேன்: "டூரு எப்படிப் போய்க்கினு இருக்குது?"

அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் சொல்கிறான்: "ரசிகருங்க தொல்ல தாங்கலீங்க. பாருங்க, எங்க உசுரு மேலயே குந்திக்கினாங்க."

"யார்ரா அவன் ரசிகரு? கால மடக்குடா, கூட சாயுது," என்கிறார் கீரைக்காரம்மா. அது எழுதி வைத்த வசனம் இல்லை.

எனக்குப் பிடித்த பாட்டு 'நாளைக்கு வா'. ஒரு சர்டிபிகேட்டுக்காக ஆபீஸ் ஆபீஸாக நடந்தபோது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அண்ணன் கட்டியது.

சாரு வரல, நாளைக்கு வா
சாரு வந்தாரு, சர்வர் போச்சு, நாளைக்கு வா
சர்வர் வந்துச்சு, சாரு போய்ட்டாரு
நாளைக்கு லீவு, நாளான்னிக்கு வா

அப்புறம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது, கலெக்டர் வந்தார், கட்டடம் எல்லாம் வந்தது. பாட்டில் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

காதல் பாட்டும் ஒன்று உண்டு. மக்காச்சோளக் கொல்லையில் காதலியின் அப்பா துரத்துகிறார், ஒரு செருப்பு போய்விடுகிறது. 'ஓடும்போது ஒன் நெனப்பு வரலடி, ஒத்தச் செருப்பு நெனப்புதான்' என்று மூன்று கட்டை ஏற்றிப் பாடுவான். எங்கள் ஊரில் காதலைப் பற்றி இவ்வளவு உண்மையாக யாரும் பாடி நான் கேட்டதில்லை.

ராக் பாட்டு என்றால் புகை வேண்டும் என்று ட்ரம் அடிக்கிறவன் அடம்பிடித்தான். அதனால் கல்வராயன் மலைக்குப் போனோம். பனி வரும் என்று காத்திருந்தோம், வெயில்தான் வந்தது. ஈரச் சருகைக் குவித்துக் கொளுத்தினார்கள். நல்ல புகை. அந்த மலையில் புகை தெரிந்தால் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும், எங்கள் உலகப் புகழ் பேண்டுக்குத் தெரியவில்லை. பாட்டு இரண்டாவது அடிக்கு வருவதற்குள் வனத்துறை வாட்ச்சர் ஒருவர் கம்போடு வந்து நின்றார்.

"இன்னாங்கடா, ஊறல் போட்டுக்கினு கீறீங்களா? கேனு எங்க?"

"ஆல்பம் சார்," என்றான் அண்ணன்.

"அத தெற," என்று ட்ரம்மைக் காட்டினார்.

"அதுல ஒண்ணுமில்ல சார். வெறும் சத்தம்தான் சார்."

அவர் விடவில்லை. ஸ்பேனர் இல்லாமல் கீபோர்டுக்காரன் பல்லால் கடித்து நட்டைக் கழற்றினான். தோலைப் பிரித்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார், மோந்தும் பார்த்தார். பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. "செரி, அடிச்சிக் காட்டு," என்று பாறையில் உட்கார்ந்தார். மூன்று பாட்டும் கேட்டார். எப்படி இருக்கிறது என்று போனை நீட்டினேன். "பரவால்ல. சினிமாப் பாட்டு பாடுனா இன்னும் நல்லா இருக்கும்," என்றார். எங்கள் பேண்டுக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

ஆனால் எல்லோரும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது பேனர் சீனைத்தான். எங்கள் பக்கத்தில் பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. காது குத்தினால் பேனர், பெண் பெரியவள் ஆனால் பேனர், செத்தால் கட்டாயம் பேனர். மாரியம்மன் திருவிழாவில் பாட வாய்ப்பு கிடைத்ததும் அண்ணன் தன் போட்டோவை வாட்ஸப்பில் பேனர் கடைக்கு அனுப்பினான். கடைக்காரர் அன்றைக்கு வந்த துக்க ஆர்டர்களோடு சேர்த்து அடித்துவிட்டார். சுருட்டிக் கொடுத்ததை அப்படியே கொண்டுவந்து, கட்டுகிற நேரத்தில்தான் பிரித்தார்கள். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, மேலே 'கண்ணீர் அஞ்சலி', நடுவில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணன்.

திருப்பிக் கொடுக்க நேரமில்லை. "கட்டுடா மச்சி, படத்துக்கு ஆவும்," என்றான். அதன் கீழே நின்று தனக்கே இரங்கல் பேட்டி கொடுத்தான்.

"நல்ல மனுசங்க. குளிக்கறதுதான் கொஞ்சம் கம்மி. தமிழ்நாட்டுக்கே பேரிழப்பு. எங்க ஆத்தா மட்டும் கொஞ்சம் நிம்மதியா கீது."

அப்போது எங்கள் அத்தை பேனரைப் பார்த்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். அண்ணன் கையில் போண்டா. "அத்த, இந்தா, ஒண்ணு துன்னு," என்கிறான். அத்தை விட்ட அறையில் கறுப்புக் கண்ணாடி பறந்து போவது வரைக்கும் என் போனில் இருக்கிறது. என் சிரிப்பும் இருக்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பில் படம் ஆடிக்கொண்டே இருக்கும்.

இந்த மழைக்காலத்தில் அண்ணன் செத்துப்போனான். பாட்டு இல்லாத நாட்களில் கரும்பு லோடுக்குப் போவான். லோடுக்கு மேலே படுத்துக்கொண்டு வந்திருக்கிறான், டிராக்டர் டிப்பர் கவிழ்ந்துவிட்டது. இதற்கு மேல் இதைப் பற்றி எனக்கு எழுத வராது.

அஞ்சலி பேனருக்கு நான்தான் அதே கடைக்குப் போனேன். "ஃபைல் இருக்குதும்மா, தேதி மட்டும் சொல்லு," என்றார் கடைக்காரர். சொல்லிவிட்டு அவரே வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா தனியாக ஒரு பேனர் வைத்தார். அதில் அண்ணன் படம் தபால்தலை அளவு. கையெடுத்துக் கும்பிடுகிற பெரியப்பா படம் ஆள் உயரம்.

அந்தப் பெரியப்பாதான் துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் ஆரம்பித்தார். "உசுரோட இருக்கறவனுக்கு அஞ்சலி பேனரு கட்டுனா எமன் சும்மா இருப்பானா? அந்த வீடியோதான் காவு வாங்கிச்சு. காரியத்துக்குள்ள அழிச்சுடணும். இல்லன்னா நான் முன்ன நிக்க மாட்டேன்."

அவர் ஏன் அழிக்கச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அந்த வீடியோவில் அவரும் இருக்கிறார். டிவியிலிருந்து கேட்கிறார்கள், ஊர்ப் பெரியவராகப் பேசுங்கள் என்று அண்ணன் சொன்னதும் வெள்ளைச் சட்டை மாற்றி, பவுடர் போட்டுக்கொண்டு வந்தார். வந்து மனதார ஒன்று சொன்னார். அதை அண்ணன் வெட்டாமல் அப்படியே வைத்திருந்தான்.

"அழிச்சுடு பாப்பா," என்றார் அப்பா. அப்பா தன் அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. "ஊரு வாய மூட முடியாது."

எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆனால் படம் என் போனில் மட்டும்தான் இருக்கிறது, அண்ணன் குரல் வேறெங்கேயும் இல்லை. போட்டோ இருக்கிறது, சட்டை இருக்கிறது, அவை பேசாது. அழிக்கிறேன் என்றும் சொல்லாமல், மாட்டேன் என்றும் சொல்லாமல் நாளைத் தள்ளினேன்.

காரியத்து அன்றைக்குப் படையல் முடிந்து, எல்லோரும் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது பெரியப்பா கையை நீட்டினார். "கொண்டா போனு. என் கண்ணு முன்ன அழி."

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அழிக்கறதுக்கு முன்ன எனக்கு ஒரு தபா காட்டுடீ. நான் பாத்ததே இல்ல." உண்மைதான். வேலைவெட்டி இல்லாத கூத்து என்று அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

கீபோர்டுக்காரன் எழுந்துபோய் ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்து வந்தான். அவனை யாரும் கேட்கவில்லை.

ஓடவிட்டேன். வாட்ச்சர் ட்ரம்முக்குள் தலையை விட்டபோது பந்தலில் யாரோ சிரித்துவிட்டு இருமுவது போல நடித்தார்கள். அறை விழுந்தபோது அத்தை, "இன்னும் ரெண்டு வெச்சிருப்பேன், பாவி," என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

பிறகு பெரியப்பா வந்தார், பவுடரோடு.

"இவனுங்கள்லாம் ஒரு ஆளா? நாளைக்கே செத்தாலும் தூக்க நாலு பேரு வரமாட்டான். பூமிக்கு பாரம் கம்மி."

பந்தலில் அவ்வளவு பேர் இருந்தார்கள். சாவு எடுத்த அன்றைக்கு என் அண்ணனைத் தூக்கித் தோள் மாற்றியவர்கள் பாதிப் பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பெரியப்பாவைப் பார்த்தார்கள்.

"அது... சும்மா தமாசுக்கு சொன்னது," என்றார். "அழிடீ மொதல்ல!"

அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். அவருக்கு அதில் எதை அமுக்குவது என்றுகூடத் தெரியாது. வாங்கி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இருக்கட்டும்ண்ணா," என்றார். "எம்புள்ள பேசறான். இருக்கட்டும்."

"அப்ப இனிமே இந்த வூட்டுப் பக்கம் வரமாட்டேன்!"

"சாப்ட்டுட்டு போங்க மாமா," என்றாள் அம்மா. "வட போட்டுருக்குது."

அவர் சாப்பிடாமல்தான் போனார். அப்பாவின் பைக்குள்ளே வீடியோ நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. படம் யாருக்கும் தெரியவில்லை. ஸ்பீக்கரில் மட்டும் அண்ணன் சுருதி சேராமல் பாடிக்கொண்டிருந்தான். முடியும் வரைக்கும் யாரும் இலைக்கு எழுந்து போகவில்லை.